உங்களுக்குத் தெரியுமா? பொதி, உரிமம், பதிப்பு

இம்முறை பகுதி முழுவதும் கட்டற்ற மென்பொருள் பொதிகளுக்கே. தில்லையடி, பாலாவி, கற்பிட்டிப் பக்கம் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். நிரல் எழுதப் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள். எழுதியதை முன்பின் தெரியாத ஒருவரின் கணனியிலும் ஓடும்படி கட்டிக் கொடுப்பது எப்படி, எந்த உரிமத்தில் கொடுப்பது, எதன் எந்தப் பதிப்போடு அது ஒத்துப்போகும் என்பதையெல்லாம் பேசுவோர் குறைவு. நல்ல நிரல்கள் பல வீணாய்ப் போனது இந்த இடத்தில்தான். சாதாரண நிரல்கள் சில நாடு நாடாகப் போய்ச் சேர்ந்ததும் இந்த இடத்தில்தான்.

◆ முகாம் பதிவேடு ஒரு மென்பொருள் பகுதி

2004 டிசெம்பர் 26 சுனாமியில் இலங்கையில் 30,000இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காணாமற்போனவர் யார், எந்த முகாமில் எத்தனை குடும்பம், எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது, எங்கே என்ன தேவை என்று ஒரே இடத்தில் பார்க்க வழியிருக்கவில்லை. கொழும்பில் தொண்டர்களாகக் கூடிய மென்பொருள்காரர்கள் சில வாரங்களுக்குள் எழுதியதுதான் 'சஹன'. லங்கா மென்பொருள் மன்றம் அதற்குத் தாய்வீடாக இருந்தது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வந்து குடியேறிய ஊர்களில் தில்லையடியும் ஒன்று. முகாம் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பத்துக்கு என்ன நடக்கும் என்பதை இந்த ஊருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதனால்தான் சஹனவின் கட்டமைப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, நிறுவனப் பதிவேடு, உதவிக் கோரிக்கை என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கூறு. ஒரு நாட்டுக்கு வேண்டியதைச் சேர்க்கலாம், வேண்டாததைக் கழற்றலாம். அடியில் இருந்த பி.எச்.பி., மைஎஸ்கியூஎல், அப்பாச்சி வழங்கி எல்லாமே காசில்லாமல் கிடைப்பவை. 2005 ஒக்டோபர் 8இல் பாகிஸ்தானை நிலநடுக்கம் உலுக்கியபோது அங்கேயும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் இதே மென்பொருள் போய் நின்றது. யாரிடமும் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியிருக்கவில்லை. அனுமதி உரிமத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

சமூக நன்மைக்கான திட்டத்துக்கென்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஒரு விருது தருகிறது. 2005ஆம் ஆண்டு விருது விக்கிப்பீடியாவுக்கு. 2006ஆம் ஆண்டு விருது சஹனவுக்கு.

◆ உரிமம் எழுதாத நிரல் யாருடையது?

இணையத்தில் போட்டுவிட்டால் யாரும் எடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி நிரலையும் நூல், கட்டுரை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கிறது. பதிவு செய்யத் தேவையில்லை. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை எழுதியவருக்கு. அவர் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும்.

ஆகவே உரிமக் கோப்பு இல்லாமல் கிடைக்கும் நிரலை எவரும் வாசிக்கலாம். ஆனால் பிரதி எடுத்துத் தன் பொதியில் சேர்க்க அனுமதி இல்லை. ஊருக்குப் பயன்படட்டும் என்று நல்ல மனதோடு போட்ட மாணவர், உரிமக் கோப்பு ஒன்றை வைக்க மறந்ததால் அந்த வாசலைத் தானே சாத்திவிடுகிறார். எம்.ஐ.டி. உரிமம் அரைப் பக்கம்கூட வராது. அதை ஒட்டி, பெயரையும் ஆண்டையும் எழுதினால் வேலை முடிந்தது.

◆ ஒரே பெயர், இரண்டு உரிமங்கள்

முதல் சஹன எல்.ஜி.பி.எல். உரிமத்தில் வந்தது. அதைத் திருத்தி வெளியிடுகிறவர் திருத்தத்தையும் அதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும். ஆனால் அதை அழைத்துப் பயன்படுத்தும் வேறு மென்பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பின்னர் பைதனில் புதிதாக எழுதப்பட்ட சஹன ஈடன் எம்.ஐ.டி. உரிமத்தில் வந்தது. திருத்தியவர் எதையும் திருப்பித் தரக் கடமைப்பட்டவரல்ல. பதிப்புரிமை வரியை மட்டும் அழிக்கக் கூடாது. ஈடன் நிற்கும் அடித்தளமான வெப்டுபை எல்.ஜி.பி.எல். பக்கம். இப்படி வேறுவேறு உரிமமுள்ள பொதிகள் ஒரே கணனியில் சேர்ந்து வேலை செய்வதில் தவறில்லை. எது எந்த உரிமம் என்று பொதி கட்டுகிறவர் தெரிந்து வைத்து, எழுதியும் வைக்க வேண்டும்.

ஈடனுக்கு வந்த பெரிய சோதனை பதிப்பால் வந்தது. அது எழுதப்பட்டிருந்த பைதன் 2இற்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிவுக்கு வந்தது. அனர்த்தம் எப்போது வரும் என்று தெரியாது. வருகிற நாளில் மென்பொருள் ஓட வேண்டும். நாட்காட்டி பார்த்து அடித்தளத்தை மாற்றிக்கொண்டே இருப்பது இந்த வகை மென்பொருளில் உயிர்காக்கும் வேலையின் ஒரு பகுதி.

◆ ஜாவாப் பொதிகளின் சண்டையைத் தீர்க்க ஒரு வழி

லங்கா மென்பொருள் மன்றத்தைச் சுற்றிய இளைஞர்கள்தான் அப்பாச்சி அறக்கட்டளையின் அக்சிஸ்2 இணையச் சேவை இயந்திரத்தில் பெரும்பகுதி உழைத்தவர்கள். அதன் 1.0 பதிப்பு 2006இல் வந்தது. அந்த வட்டத்திலிருந்தே 2005இல் சஞ்சீவ வீரவரண முதலானோர் தொடங்கிய நிறுவனம் டபிள்யூ.எஸ்.ஓ.2. தன் மென்பொருள்களை அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியிட்டுக் கொழும்பிலிருந்து உலகச் சந்தைக்குப் போனது.

அவர்கள் எதிர்கொண்ட ஒரு சிக்கல் ஜாவா எழுதும் எல்லோருக்கும் தெரியும். 'அ' என்ற பொதிக்கு ஒரு நூலகத்தின் 1ஆம் பதிப்பு வேண்டும். 'ஆ' என்ற பொதிக்கு அதே நூலகத்தின் 2ஆம் பதிப்பு வேண்டும். வழமையான ஜாவாவில் இரண்டையும் போட்டால் முதலில் கண்ணில் படுவது மட்டும் ஏறும். மற்றதை நம்பிய பொதி ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவழியில் விழும். டபிள்யூ.எஸ்.ஓ.2 தன் கார்பன் மேடையை ஓ.எஸ்.ஜி.ஐ. முறையில் கட்டியது. அந்த முறையில் ஒவ்வொரு பொதியும் தனக்கு எது, எந்தப் பதிப்பு எல்லைக்குள் வேண்டும் என்று தன் முகப்புக் கோப்பில் அறிவிக்கும். ஒரே நூலகத்தின் இரு பதிப்புகளும் ஒரே இயக்கத்தில் அருகருகே வாழலாம். முகப்புக் கோப்பைப் பிழையின்றி எழுதுவது சலிப்பூட்டும் வேலை. ஆனால் அதைச் செய்தவர்களால்தான் பெரிய மென்பொருள்கள் நிற்கின்றன.

◆ மொறட்டுவையின் இடம்

கூகுள் 2005இல் தொடங்கிய கோடைகால நிரலாக்கத் திட்டத்தில் மாணவர்கள் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்காக எழுதி உதவித்தொகை பெறுகிறார்கள். உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் என்ற இடத்தை மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் பிடித்திருந்தது.

◆ 'நல்லதற்கு மட்டும்' என்ற நிபந்தனை

ஜேசன் தரவு வடிவத்தைப் பரப்பிய டக்ளஸ் குரொக்ஃபோர்ட், தன் ஜாவாப் பொதியின் உரிமத்தில் இதை நல்லதற்கே பயன்படுத்த வேண்டும், தீயதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார். வாசிப்பவருக்கு இதில் என்ன குறை என்றுதான் தோன்றும். ஆனால் லினக்ஸ் வெளியீடுகளில் ஒன்றான டெபியன் அதைக் கட்டற்ற மென்பொருளாக ஏற்கவில்லை. அப்பாச்சி அறக்கட்டளையும் 2016இல் தன் திட்டங்களில் அந்தப் பொதியைச் சேர்க்கக் கூடாது என்று தீர்மானித்தது.

காரணம் எளிது: நல்லது எது, தீயது எது என்று தீர்ப்பது யார்? தீர்ப்பவர் மாறினால் அனுமதியும் மாறும். அப்படிப்பட்ட அனுமதியை நம்பி ஒரு வைத்தியசாலையின் கணனியை நிறுத்த முடியாது. ஒரேயொரு வரிக்காகப் பல ஜாவாத் திட்டங்கள் தங்கள் சார்புப் பட்டியலைத் திறந்து மாற்றுப் பொதி தேட வேண்டியதாயிற்று. பின்னாளில் அந்த ஜாவாப் பொதி உரிமை கோராத பொதுவுடைமை ஆக்கப்பட்டது.

◆ மூன்று எண்கள்

பொதியின் பெயருக்குப் பின்னால் 2.4.1 என்று இருக்கிறது. கிட்ஹப்பை நிறுவியவர்களில் ஒருவரான டொம் பிரெஸ்டன்-வேர்னர் எழுதிய விதிப்படி, கடைசி எண் கூடினால் பிழை திருத்தம் மட்டும். நடு எண் கூடினால் புதிய வசதி வந்திருக்கிறது, பழையது கெடவில்லை. முதல் எண் கூடினால் பழைய நிரல் உடையலாம், கவனம்.

இது கணனி காக்கும் விதியல்ல, பொதி கட்டுபவர் தரும் வாக்கு. கடைசி எண்ணை மட்டும் கூட்டிவிட்டு உள்ளே பெரிய மாற்றம் செய்தால் எந்த இயந்திரமும் தடுக்காது. அதை நம்பி இருந்தவர்கள் உடைவார்கள்.

◆ பதினொரு வரி

2016 மார்ச் 22இல் ஜாவாஸ்கிரிப்ட் உலகம் சில மணிநேரம் திணறியது. ஒரு பொதியின் பெயரை ஒரு நிறுவனத்துக்கு கொடுத்துவிட என்.பி.எம். களஞ்சியம் தீர்மானித்ததால் வருந்திய நிரலர் அசர் கோச்சுலு, தன் பொதிகள் அனைத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார். அவற்றில் லெஃப்ட்-பேட் என்ற ஒன்று, ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பும் பதினொரு வரி நிரல். அதை நேரடியாகக் கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களைக் கேட்டவர்கள், அவர்களைக் கேட்டவர்கள் என்று சங்கிலியின் மேற்புறத்தில் பெரும் நிறுவனங்களின் தளங்கள் இருந்தன. களஞ்சியம் அதைத் தானே மீண்டும் ஏற்றியது; பிறர் சார்ந்திருக்கும் பொதியை இஷ்டம்போல் எடுக்க முடியாதபடி விதியையும் மாற்றியது.

அந்த விதிமாற்றம் சரி என்பதே என் எண்ணம். ஆனால் எழுதியவரின் மனவருத்தமும் நியாயமானது. கூலியில்லாமல் உழைப்பவரின் பெயருரிமையை ஒரு கடிதத்தால் தீர்த்துவிடக் கூடாது.

◆ ஒரு தரவுக் கோப்பு நிறுத்திய தளங்கள்

உரிமச் சிக்கலும் பதிப்புச் சிக்கலும் ஒரே நாளில் கைகோத்து வந்த நிகழ்வு ஒன்று உண்டு. இந்தப் பகுதியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் இதைச் சொல்வேன்.

ரூபி மொழியில் மைம்மேஜிக் என்ற சிறு பொதி இருந்தது. ஒரு கோப்பு படமா, ஒலியா, ஆவணமா என்று கண்டுபிடித்துச் சொல்லும். எம்.ஐ.டி. உரிமம். ஆனால் உள்ளே வைத்திருந்த கோப்புவகைப் பட்டியல் இன்னொரு திட்டத்திலிருந்து எடுத்தது. அந்தத் திட்டம், தன்னைச் சேர்த்துக்கொள்ளும் பொதியும் அதே உரிமத்தில் வர வேண்டும் என்று கேட்கும் ஜி.பி.எல். உரிமத்தில் இருந்தது. ஜி.பி.எல். பொருளை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே எம்.ஐ.டி. என்று எழுத முடியாது. 2021 மார்ச்சில் அந்தத் திட்டத்தைப் பராமரிப்பவர் இதைச் சுட்டிக்காட்டினார். மைம்மேஜிக்கின் ஆசிரியர் உடனே ஏற்றுக்கொண்டு, ஜி.பி.எல். உரிமத்தில் புதிய பதிப்பை வெளியிட்டார். பழைய பதிப்புகளைக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார்.

நேர்மையான செயல். ஆனால் இணையத்தளங்கள் கட்டப் பயன்படும் ரெயில்ஸ் என்ற பெரும் சட்டகம் ஒரு பொதியை நம்பியிருந்தது. அந்தப் பொதி மைம்மேஜிக்கை நம்பியிருந்தது. மறுநாள் காலை தங்கள் தளத்தைப் புதிதாகக் கட்ட முயன்றவர்களுக்கு, சார்புகளின் பதிப்பைக் குறித்துவைக்கும் பூட்டுக் கோப்பில் எழுதியிருந்த பதிப்பே உலகில் இல்லை. புதியதை எடுத்தால் எம்.ஐ.டி. உரிமத்தில் இருந்த ரெயில்ஸின் அடியில் ஜி.பி.எல். வந்துவிடும். சில நாட்களுக்குள் ரெயில்ஸ் குழு அந்தச் சார்பையே அகற்றிப் புதிய பதிப்புகளை வெளியிட்டது. கோப்புவகைப் பட்டியலுக்கு அப்பாச்சி டீக்கா திட்டத்தின் தரவை எடுத்துக்கொண்டார்கள். அதன் உரிமம் இடம் கொடுத்தது.

நிரல் மட்டுமல்ல, அதோடு வைக்கும் பட்டியல், படம், எழுத்துரு, அகராதி எல்லாவற்றுக்கும் உரிமம் உண்டு. தமிழ்ச் சொற்பட்டியல் சேர்த்துப் பொதி கட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

◆ 'அல்லது பிந்திய பதிப்பு'

ஜி.பி.எல். உரிமத்துக்கும் பதிப்பெண் இருக்கிறது. இரண்டாம் பதிப்பு 1991, மூன்றாம் பதிப்பு 2007. அப்பாச்சி 2.0 உரிம நிரலை ஜி.பி.எல். 3 திட்டத்தில் சேர்க்கலாம், ஜி.பி.எல். 2 மட்டும் என்று எழுதிய திட்டத்தில் சேர்க்க முடியாது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. காப்புரிமை பற்றிய நிபந்தனைகள் முட்டிக்கொள்கின்றன. பலர் 'இரண்டாம் பதிப்பு அல்லது பிந்தியது' என்று எழுதித் தப்பிக்கிறார்கள். லினக்ஸ் கருவகம் இரண்டாம் பதிப்பு மட்டும்.

◆ கொழும்பில் கட்டிய பொதி நோர்வேக்குப் போன கதை

இலங்கையில் முதல் கொவிட் நோயாளி இனங்காணப்பட்டது 2020 ஜனவரி 27. அந்த மாதமே சுகாதார அமைச்சும் சுகாதாரத் தகவல் முறைமைகளில் வேலைசெய்யும் இலங்கையின் ஹிஸ்ப் குழுவும் விமான நிலையத்தில் வருகிறவர்களைப் பதிந்து தொடர ஒரு முறைமையைத் தயார்செய்துவிட்டன. புதிதாக ஒன்றை அடியிலிருந்து எழுதவில்லை. ஒஸ்லோ பல்கலைக்கழகம் பராமரிக்கும் டி.எச்.ஐ.எஸ்.2 என்ற சுகாதாரத் தரவு மென்பொருள் நாட்டில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்தது. உரிமம் பி.எஸ்.டி.; மாற்றலாம், சேர்க்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். படிவங்கள், கேள்விகள், அறிக்கைகள், வரைபடங்கள் ஆகியவற்றை இலங்கைக் குழு வடிவமைத்தது.

அடுத்து நடந்ததுதான் இந்தப் பகுதிக்குரிய விஷயம். இலங்கையின் வடிவமைப்பைப் பார்த்து ஒஸ்லோக் குழு அதைப் பொதுவாக்கி, வேறு நாடு இறக்கி நிறுவத்தக்க பொதியாகக் கட்டியது. எந்த டி.எச்.ஐ.எஸ்.2 பதிப்புக்கு எந்தப் பொதி என்று தனித்தனியே குறித்து வெளியிட்டது. பொதியின் பதிப்பு ஒன்று, வழங்கியின் பதிப்பு ஒன்று என்றிருந்தால் படிவம் ஏறாது என்பதால் அந்தக் குறிப்பு அவசியம். டசின் கணக்கான நாடுகள் அதை எடுத்தன. நோர்வேயின் நகரசபைகளும் தொடர்பு தேடலுக்கு டி.எச்.ஐ.எஸ்.2ஐப் பயன்படுத்தின. வறிய நாடுகளுக்கென்று நோர்வேயில் வளர்க்கப்பட்ட மென்பொருள், கொழும்பில் செய்த வேலையின் வழியே நோர்வேக்குத் திரும்பியது. நம் பாடநூல்களில் இந்தச் செய்தி இடம்பெற வேண்டும்.

◆ ஆவணங்களின் அடித்தளம்

ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தும் நூலகம் தளம் விக்கிப்பீடியாவை நடத்தும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் ஓடுகிறது. ஒலி, படம், சுவடிகளுக்கான அவர்களது 'ஆவணகம்' ஐலண்டோரா என்ற மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. ஐலண்டோரா 2006இல் கனடாவின் இளவரசர் எட்வேர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது.

அதன் 7ஆம் வரிசை நிற்க, இணையத்தளம் கட்டும் மென்பொருளான ட்ருபலின் 7ஆம் பதிப்பு வேண்டும்; கீழே ஃபெடோரா களஞ்சியத்தின் 3ஆம் வரிசை வேண்டும். ட்ருபல் 8 வந்தபோது உள்ளமைப்பே மாறியது. 7இற்கு எழுதிய கூறுகள் அப்படியே ஏறவில்லை. ஐலண்டோராக்காரர்கள் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ட்ருபல் 7இன் ஆயுளைப் பலமுறை நீட்டிக் கடைசியில் 2025 ஜனவரி 5இல் நிறுத்தினார்கள். பதினான்கு ஆண்டுகள் ஒரு மென்பொருளுக்கு நீண்ட வாழ்வு. சுவடிக்கோ பதினான்கு ஆண்டு ஒன்றுமேயில்லை. ஸ்கேன் செய்ய ஒரு தடவை பணம் கொடுத்துவிட்டு, பதிப்பு மாற்றத்துக்கு எதுவும் ஒதுக்காத கொடையாளர்கள் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள்.

◆ தனித்தீவுச் சோதனை

ஒரு உரிமம் கட்டற்றதா என்று பார்க்க டெபியன்காரர்கள் கற்பனை ஒன்றை வைத்திருக்கிறார்கள். தனித்தீவில் சிக்கிய ஒருவரிடம் சூரிய ஒளியில் ஓடும் கணனி இருக்கிறது. வெளியுலகத் தொடர்பு இல்லை. அவர் மென்பொருளைத் திருத்தி, அதே தீவிலுள்ள நண்பருக்குக் கொடுக்கலாமா? 'திருத்தினால் மூல ஆசிரியருக்கு அனுப்பியாக வேண்டும்' என்று உரிமம் சொன்னால் அவரால் முடியாது. அந்த உரிமம் தேறவில்லை.

கற்பிட்டிக் கடலில் பத்தலங்குண்டுபோன்ற தீவுகளில் வாடி போட்டுத் தொழில் செய்கிறவர்களை அறிந்த நமக்கு இந்தச் சோதனை கற்பனையாகப் படாது. தொடர்பு அறுந்த இடத்திலும் உரிமை செல்லுபடியாக வேண்டும்.

◆ எழுத்துருவும் ஒரு பொதிதான்

லங்கா லினக்ஸ் பயனர் குழு ஆக்கிய சிங்கள எழுத்துரு, அந்தக் குழுவின் சுருக்கப் பெயரைத் தாங்கியே டெபியன் களஞ்சியத்தில் இருக்கிறது. தமிழுக்கு ரெட்ஹாட் ஆதரவில் வளர்ந்த லோஹித் உண்டு. முன்பு அதன் உரிமம் ஜி.பி.எல்.; கூடவே ஒரு விதிவிலக்கு வரியும். அந்த வரி இல்லாவிட்டால், எழுத்துருவைப் பொதிந்த ஆவணமும் ஜி.பி.எல். ஆக வேண்டுமா என்ற கேள்வி எழும். 2011இல் எழுத்துருக்களுக்கென்றே எஸ்.ஐ.எல். நிறுவனம் எழுதிய திறந்த எழுத்துரு உரிமத்துக்கு லோஹித் மாறியது. அந்த உரிமப்படி எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது. மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். பதிப்பகங்கள் தைரியமாக எடுக்கலாம்.

◆ கண்ணுக்கு ஒன்று, கணனிக்கு இரண்டு

2005இல் யுனிகோட் 4.1 பதிப்பு 'ஶ' என்ற எழுத்தைத் தமிழ்ப் பகுதியில் சேர்த்தது. அதுவரை 'ஸ்ரீ' என்ற கூட்டெழுத்தை ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று சேமித்தார்கள். அதன்பின் முதலெழுத்தாக ஶ வைக்கும் முறையும் வந்தது. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில் காட்டுகின்றன. யுனிகோட்டின் இயல்பாக்க விதி இரண்டையும் ஒன்றாக்குவதில்லை.

பெயரில் இந்த எழுத்து வருகிற ஒருவரை ஒரு பிரதேச செயலகத்தில் ஒரு விசைப்பலகையால் பதிந்து, இன்னொன்றில் வேறு விசைப்பலகையால் தேடினால் 'இல்லை' என்றே வரும். தரவுத்தளம் கட்டுகிறவர்கள் தேடலுக்கு முன் ஒன்றை மற்றதாக மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

◆ 15, 5, 3

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? யூடிஎஃப்-8இல் சேமித்த சொல்லைப் பைதன் 2இல் சாதாரணமாக அளந்தால் 15 என்று வரும். அது பைட்டுகளின் எண்ணிக்கை. பைதன் 3 கொடுப்பது 5. அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நமக்கு வேண்டியது 3. முத்து அண்ணாமலை முதலானோர் எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியிட்ட ஓப்பன்-தமிழ் பொதி அந்த 3ஐத் தருகிறது. நிறுவும்போது பெயர் ஓப்பன்-தமிழ். நிரலுக்குள் அழைக்கும்போது வெறும் தமிழ். நிறுவும் பெயரும் அழைக்கும் பெயரும் வேறாக இருப்பது பைதனில் சாதாரணம். புதியவர்கள் தடுமாறுவதும் அங்கேதான்.

◆ சிலோன் என்றொரு மொழி

ரெட்ஹாட்டில் கேவின் கிங் வடிவமைத்த சிலோன் மொழியின் 1.0 பதிப்பு 2013இல் வந்தது. மற்ற மொழிகளில் பதிப்பெண் வெளிக் கோப்பில் இருக்கும். சிலோனில் கூறின் பதிப்பும் அது நம்பும் கூறுகளின் பதிப்புகளும் மொழியின் இலக்கணத்துக்குள்ளேயே எழுதப்பட்டன. எண் எழுதாத கூறை மொழிமாற்றி ஏற்காது. பின்னர் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறி, வளர்ச்சி நின்றுவிட்டது. எண்ணம் நல்லது. டபிள்யூ.எஸ்.ஓ.2 இலங்கையில் உருவாக்கும் பல்லரீனா மொழியில் பொதிக்குத் தனிக் களஞ்சியமும், சார்புப் பதிப்புகளைத் தானே குறித்துவைக்கும் கோப்பும் மொழிக் கருவிகளோடேயே வருகின்றன.

◆ பையை நெருங்கும் பதிப்பெண்

டொனால்ட் கனூத்தின் டெக் அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் இலக்கம் கூடுகிறது. 2021இலிருந்து பதிப்பெண் 3.141592653. தன் மறைவுக்குப் பின் எண்ணைப் பை என்றே வைத்துவிட வேண்டும், மிஞ்சும் பிழைகளைத் தொடக் கூடாது என்று கேட்டிருக்கிறார்.

◆ அரை விநாடி

2024 மார்ச்சில், கணனிக்குள் நுழைய வழமையைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று அன்ட்ரேஸ் ஃபிரொயண்ட் என்ற நிரலர் தோண்டிப் பார்த்தார். எக்ஸ்.இசட். என்ற சுருக்கும் பொதியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக் கதவு வைத்திருந்தது அகப்பட்டது. வைத்தவர் ஈராண்டுக்கு மேலாக நல்ல திருத்தங்கள் அனுப்பி, களைத்துப்போன பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றவர். கதவைத் திறக்கும் கடைசித் துண்டு எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இருக்கவில்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய பொதியில் மட்டும் இருந்தது. பொதியையும் மூலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு அதன் பிறகுதான் பலர் கைகொடுத்தார்கள்.

ஜாவா நிரல்கள் பதிவெழுதப் பயன்படுத்தும் லொக்4ஜே பொதியில் 2021 டிசெம்பரில் வெளிப்பட்ட ஓட்டை வேறு வகை. அது சதியில்லை, கவனிக்கப்படாத வசதி. 2.15, 2.16, 2.17, 2.17.1 என்று அந்த மாதம் முடிவதற்குள் நான்கு பதிப்புகள். ஒவ்வொன்றையும் தொண்டர்கள் உட்கார்ந்து கட்டினார்கள்.

◆ டேட்டா இல்லாமல் பார்க்கலாம்

உபுண்டு அல்லது டெபியன் உள்ள மடிக்கணனி கைக்குக் கிடைத்தால், நிறுவிய ஒவ்வொரு பொதிக்கும் உரிமக் கோப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் ஷெயார், அதற்குள் டொக், அதற்குள் பொதியின் பெயர். உள்ளே 'கொப்பிரைட்' என்ற கோப்பு. எந்தக் கோப்பை யார் எழுதினார், எந்த ஆண்டு, எந்த உரிமம் என்று பொதி கட்டியவர் வரி வரியாக எழுதியிருப்பார். முனையத்தில் ஏப்ட்-கேஷ் கட்டளையோடு 'டிபெண்ட்ஸ்' என்று தட்டிப் பொதியின் பெயரைக் கொடுத்தால் அது எவற்றை நம்பி நிற்கிறது என்று வரும். 'ஆர்டிபெண்ட்ஸ்' என்று தட்டினால் அதை நம்பி நிற்பவை வரும். முதலில் ஒரு எழுத்துருப் பொதியில் செய்து பாருங்கள், பட்டியல் சின்னதாக இருக்கும். பிறகு எக்ஸ்.இசட். நூலகத்தை நம்பி நிற்பவை எவை என்று கேளுங்கள். அதன் பொதிப் பெயர், இடையில் கோடோ புள்ளியோ இல்லாமல், லிப்எல்இசட்எம்ஏ5.